நடராசர் கையில் இருப்பது என்ன?

படம் காட்டி, பாட்டுச் சொல்லி, வாத்தியம் கற்பிக்கலாம்!

குற்றாலம் சித்திர சபையில் நடராசருக்குச் சிலை இல்லை. சுவரில் ஓவியமாகவே காட்சி தருகிறார்.

அருவியில் குளித்துவிட்டு அங்கே போகிறீர்கள்.

"அப்பா! சாமி கையில் இருப்பது என்ன?" என்று குழந்தை கேட்கிறது.

"உடுக்கை" என்கிறீர்கள்.

"அது எப்படிச் சத்தம் போடும்?"

இங்கேதான் பல அப்பாக்கள் திணறுகிறார்கள்! படம் உருவத்தைக் காட்டும். ஓசையை யார் காட்டுவது?

பாட்டுதான்!

புத்தகத்தில் கச்சேரி

1995-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு படப் புத்தகம் வெளிவந்தது. பெயர், "ஜின்! ஜின்! ஜின்! எ வயலின்". பாட்டு எழுதியவர் லாயிட் மாஸ். படம் வரைந்தவர் மார்ஜரி பிரைஸ்மேன்.

முதலில் டிராம்போன் என்ற ஊதுகருவி தனியாக வருகிறது. பிறகு டிரம்பெட் சேருகிறது. இரண்டு! இப்படியே வயலின், புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றாக வந்து, பத்து வாத்தியங்கள் கூடுகின்றன.

குழந்தை பாடிக்கொண்டே வாத்தியங்களைத் தெரிந்துகொள்கிறது. பத்து வரை எண்ணவும் கற்றுக்கொள்கிறது!

நம் ஊர்க் கச்சேரி

சந்தப் பாட்டு நமக்குப் புதிதா? திரிகூடராசப்பக் கவிராயர் "குற்றாலக் குறவஞ்சி" பாடிய மண் அல்லவா இது!

வாத்தியக் கூட்டமும் நம்மிடம் உண்டு. அதுதான் வில்லுப்பாட்டு. தென்காசி, நெல்லைச் சீமையில் கோவில் கொடை விழாக்களில் இதைக் கேட்கலாம். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகிய ஐந்தும் அதில் சேரும்.

வில்லில் மணிகள் தொங்கும். அதைக் கோலால் தட்டுவார்கள். குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பார்கள். உடுக்கையின் ஒடுங்கிய இடுப்பில் கயிறு இருக்கும். அதை அழுத்தினால் ஓசை ஏறும், தளர்த்தினால் இறங்கும்.

இதோ, வீட்டில் பாட ஒரு பாட்டு:

வில்லைத் தட்டு, ஜல் ஜல் ஜல்!
மெல்லக் குடமே, சொல் சொல் சொல்!
உடுக்கை வந்தால் டும் டும் டும்!
எடுத்த ஜால்ரா ஜிம் ஜிம் ஜிம்!
கட்டை இரண்டும் கட கட கட!
கிட்ட நின்றால் பட பட பட!

ஐந்து தாள் போதும்

தாய்மார்களே! ஐந்து தாள்களை எடுங்கள். தாளுக்கு ஒரு வாத்தியமாகக் குழந்தையையே வரையச் சொல்லுங்கள். படத்தின் கீழே அதற்குரிய வரியை எழுதுங்கள். ஊசி நூலால் தையுங்கள். புத்தகம் தயார்!

ஆனால், அதோடு நின்றுவிடக் கூடாது. 'டும் டும்' என்பது வெறும் எழுத்து. உடுக்கையின் உண்மையான குரல் அதில் இல்லை. பக்கத்து ஊரில் கொடை நடந்தால் குழந்தையைக் கூட்டிப் போங்கள். வில்லுப்பாட்டு மேடைக்கு அருகில் உட்கார வையுங்கள். "உடுக்கை எது, காட்டு!" என்று கேளுங்கள்.

அடுத்த சாரலில் சித்திர சபைக்குப் போகும்போது, அதே கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

பதில் சொல்வது குழந்தையாக இருக்கும்!