விலை கேட்குமுன்

தில்லியில் வாழும் நம்மவர், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் காட்டுவர். கைவினைச் சந்தை ஒன்றையும் காட்டுவது நன்று. 1994-இல் தொடங்கிய தில்லி ஹாட்டில் பல மாநிலக் கைவினைஞர்கள் முறைவைத்துக் கடை விரிக்கின்றனர். அண்டையிலுள்ள சூரஜ்குண்டில் 1987 முதல் பிப்ரவரி மாதங்களில் கூடிவரும் மேளாவும் இத்தகையதே.

அங்கே நாம் கேட்கும் முதற் கேள்வி, “என்ன விலை?” என்பது. அதற்கு முன், “இதை எவ்வாறு செய்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் செய்யப்படும் டோக்ரா பித்தளை யானையை எடுத்துக்கொள்வோம். களிமண் கருவின்மேல் மெழுகு இழைகளைச் சுற்றி உருவம் அமைக்கின்றனர். அதன்மேல் மண் பூசிச் சுடும்போது மெழுகு உருகி அகலுகிறது. அவ்விடத்தில் உருக்கிய உலோகம் நிறைகிறது. பின்னர் மண் அச்சை உடைத்தே யானையை வெளியில் எடுக்க இயலும். ஆகவே, ஓர் அச்சுக்கு ஓர் உருவமே உண்டு.

நம் சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகில் உருவம் செய்து, அச்சை உடைத்தே திருமேனியை எடுக்கின்றனர். அவை பெரும்பாலும் உட்கருவின்றிக் கனமாக வார்க்கப்படுபவை. யானைக்குள் மண் கரு உண்டு. முறை ஒன்றே.

எனவே, அடுத்தடுத்து உள்ள இரண்டு யானைகள் அணுவளவும் வேறுபாடின்றி இருந்தால் ஐயுறுங்கள். இழைகளில் சிறு பிசகு தென்பட்டால் அதைக் குறையென்று எண்ணற்க. அது கையின் அடையாளம். பேரம் பேசுவது தவறன்று. ஆயினும், உடைந்த அச்சை நினைப்பவர் பாதி விலைக்குக் கேட்கத் துணியார்.