நாள் குறித்தவர்கள் விட்ட அதிகாரம்

1844 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பல்லாயிரம் பேர் இயேசு அன்று மேகங்களில் வருவார் என்று காத்திருந்தார்கள். சிலர் விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டிருந்தார்கள். கடையைப் பூட்டியவர்கள் உண்டு; பழைய கடனைத் தீர்த்தவர்களும் பகைத்தவரிடம் மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. நள்ளிரவு கடந்தது. யாரும் வரவில்லை. தானும் உடனிருந்தவர்களும் விடியும்வரை அழுததாக நியூயார்க் மாநில விவசாயி ஹைரம் எட்சன் பின்னாளில் எழுதினார். 'பெரும் ஏமாற்றம்' என்றே வரலாறு அந்த நாளைக் குறிக்கிறது.

அவர்கள் வெள்ளை அங்கி உடுத்திக் கூரைமேல் ஏறி நின்றதாக ஒரு கதை உண்டு. அதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று தள்ளிவிடுவது அநியாயம்.

இந்த இயக்கத்தின் தலைவர் வில்லியம் மில்லர் ஒரு விவசாயி. 1812ஆம் ஆண்டுப் போரில் கேப்டனாகப் பணியாற்றியவர். உலகைப் படைத்த கடவுள் அதில் தலையிடுவதில்லை என்று நம்பிவந்தவர், 1816இல் மனந்திரும்பி வேதாகமத்தை வசனம் வசனமாக ஆராயத் தொடங்கினார். தானியேல் 8:14இல் வரும் 2300 இராப்பகல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்று வைத்து, கி.மு. 457இல் பாரசீக அரசன் அர்தசஷ்டா பிறப்பித்த கட்டளையிலிருந்து எண்ணி, இயேசு ஏறத்தாழ 1843இல் வருவார் என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கெடு தவறியபின், யூதர்களின் ஏழாம் மாதம் பத்தாம் நாளான பாவநிவாரண நாளை வைத்து அக்டோபர் 22ஐக் குறித்தவர் சாமுவேல் ஸ்னோ. மில்லர் கடைசி வாரங்களில்தான் அதை ஏற்றார்.

கணக்குப் பிழைத்ததைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 1843இல் சார்லஸ் ஃபிட்ச் என்ற போதகர், இந்தச் செய்தியை ஏற்காத புராட்டஸ்டன்ட் சபைகளையும் பாபிலோன் என்று அறிவித்து, அவற்றைவிட்டு வெளியேறும்படி அழைத்தார். நேற்றுவரை ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் பகிர்ந்தவர்கள் திடீரென்று எதிரிகளானார்கள். நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல, பொல்லாத ஆவிகளோடு என்கிறது எபேசியர் நிருபம். சாத்தான் இருக்கிறான் என்று நம்புகிறவர் அடுத்த வீட்டுக்காரருக்கு அவன் முகத்தை மாட்டக் கூடாது. கடைசிக் கால ஆர்வம் எல்லை மீறும் ஒவ்வொரு முறையும் இந்தத் தவறு நடக்கிறது.

நியாயத்தீர்ப்பு பயமுறுத்துவதற்காகத் தரப்பட்ட போதனையும் அல்ல. வெளிப்படுத்தின விசேஷத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எங்கள் இரத்தத்துக்கு எப்போது நீதி என்று கேட்கின்றன. ரோமப் பேரரசின் காலடியில் கிடந்த சிறிய சபைகளுக்கு எழுதப்பட்ட நூல் அது. பூமியின் எந்த நீதிமன்றமும் விசாரிக்காத வழக்கைக் கடவுள் விசாரிப்பார் என்பது ஒடுக்கப்பட்டவருக்கு நற்செய்தி.

1844க்குப் பிறகு மில்லர் தன் பிழையை ஒளிக்கவில்லை. வருகையின் நம்பிக்கையோடே 1849இல் இறந்தார். எஞ்சியவர்களில் ஒரு பிரிவு, தேதி சரி, அன்று நடந்தது பரலோகத்தில் என்று விளக்கம் கண்டது. அதிலிருந்து 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை உருவானது. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தில் இச்சபை நடத்தும் ஜேம்ஸ் நினைவுப் பள்ளியைத் தென் மாவட்டத்தார் அறிவார்கள்.

நம் ஊர்க் கூட்டங்களிலும் யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி என்று மத்தேயு 24ஐ வாசித்து, இதோ வந்துவிட்டது என்கிறார்கள். அந்த நாளைப் பிதா தவிர யாரும் அறியார், குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32இல் இயேசுவே சொல்லிவிட்டார். ஒலிவமலையில் தொடங்கிய அதே உரை மத்தேயு 25க்கும் நீள்கிறது. நியாயத்தீர்ப்பில் கேட்கப்படுவது என்ன என்பது அங்கேதான் இருக்கிறது: பசித்தவன், தாகித்தவன், அந்நியன், ஆடையில்லாதவன், நோயாளி, சிறையில் இருப்பவன். இவர்களுக்கு என்ன செய்தாய் என்பதே விசாரணை. கணக்குப் போடத் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஆகவே போதகர்களே, 24ஆம் அதிகாரத்தோடு வேதாகமத்தை மூடிவிடாதீர்கள். அடுத்த பக்கத்தையும் வாசித்துக் காட்டுங்கள்.