அரசியலைப் பள்ளியில் பாடமா படிக்கிறது ஏன் இவ்வளவு சிக்கல்? இரண்டு கார்ட்டூன்கள் சொல்லும் கதை

குடியரசுத் தலைவர் ஆகக் குறைந்தபட்ச வயது? 35. மாநிலங்களவையில் அதிகபட்சம் எத்தனை உறுப்பினர்கள்? 250. பத்தாம் வகுப்பில் குடிமையியல் படித்த பலரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவாங்க.

ஆனால், 'இட ஒதுக்கீட்டை எதிர்க்கிறவங்க என்ன சொல்றாங்க, அதுக்குப் பதில் என்ன?' என்று ஆபீஸ் கேன்டீனில் யாராவது கேட்டால்? பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பிச்சிடுவோம். மீதிப் பேர் சண்டைக்குப் போயிடுவோம். நிதானமாகப் பேசுவதற்கு யாரும் நமக்குச் சொல்லித் தரலை.

சொல்லித்தர ஒரு முயற்சி நடந்தது. அது என்ன ஆச்சு?

பத்தாம் வகுப்பு ஏன் முக்கியம்?

1988-ல் நிறைவேறிய 61-வது அரசியலமைப்புத் திருத்தம், ஓட்டுப் போடும் வயதை 21-ல் இருந்து 18 ஆகக் குறைத்தது. அதாவது, பிளஸ் டூ முடிக்கும் நேரத்தில் கையில் ஓட்டு வந்துவிடும்.

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை வரலாறு, புவியியல், பொருளியலோடு குடிமையியலும் உண்டு. பிளஸ் ஒன்னில் அரசியல் அறிவியல் என்பது கலைப் பிரிவு மாணவர்களுக்கான பாடம். சயின்ஸ் குரூப் எடுத்து இன்ஜினீயரிங், மெடிக்கல் போகிறவர்களுக்கு, வகுப்பறையில் உட்கார்ந்து அரசியல் படிக்கிற வாய்ப்பு பெரும்பாலும் 15 வயதோடு முடிஞ்சுபோகுது.

2005-ல் என்ன மாறியது?

அந்த ஆண்டு வந்த தேசியக் கலைத்திட்ட வரைவு, மனப்பாடக் கல்வியை மாற்றச் சொன்னது. அதன்படி என்.சி.இ.ஆர்.டி. புதிய அரசியல் பாடநூல்களை எழுதியது. யோகேந்திர யாதவ், சுஹாஸ் பல்ஷிகர் இருவரும் தலைமை ஆலோசகர்கள்.

'சிவிக்ஸ்' என்ற பெயரே போய், ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 'ஜனநாயக அரசியல்' வந்தது. உன்னி, முன்னி என்று இரண்டு கார்ட்டூன் குழந்தைகள் பக்க ஓரத்தில் நின்று ஏடாகூடமாகக் கேள்வி கேட்பார்கள். பத்திரிகைகளில் வந்த கார்ட்டூன்களும் இருந்தன. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் நெருக்கடி நிலை, 1984 சீக்கியர் படுகொலை, 2002 குஜராத் கலவரம் எல்லாவற்றையும் பேசியது. அப்போது மத்தியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி என்பதைக் கவனிங்க.

கார்ட்டூன் சண்டை

2012 மே மாதம் பிரச்னை வெடித்தது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் சங்கர் 1949-ல் வரைந்த கார்ட்டூன் ஒன்று இருந்தது. அரசியலமைப்பு என்ற நத்தை மீது அம்பேத்கர் உட்கார்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். இது அம்பேத்கருக்கு அவமானம் என்று மக்களவையில் தொல். திருமாவளவன் குரல் எழுப்பினார். அவை கொந்தளித்தது. கார்ட்டூன் நீக்கப்படும் என்று அமைச்சர் கபில் சிபல் அறிவித்தார். யாதவும் பல்ஷிகரும் ராஜினாமா செய்தார்கள்.

அடுத்த மாதமே இன்னொரு கார்ட்டூன். இந்த முறை நம்ம ஊர் விவகாரம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்தது. போராடும் மாணவருக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்ற கிண்டல் அதில் இருந்தது. கருணாநிதி, வைகோ உள்ளிட்ட தலைவர்கள் நீக்கச் சொன்னார்கள்.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மொழிக்காக உயிரே கொடுத்த போராட்டத்தை நக்கலடிக்கும் படத்தை, விளக்கம் சொல்லாத ஓர் ஆசிரியர் கையில் கொடுத்தால் வகுப்பு சிரிச்சிட்டுப் போயிடும். தலித் மாணவர் ஒருவர் அந்த நத்தைப் படத்தை எப்படிப் பார்ப்பார் என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை.

புத்தகங்களை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் குழு போட்டார்கள். சில படங்களை நீக்கலாம் என்றது குழு. அதில் தனியாக மாற்றுக் கருத்து எழுதியவர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன். திராவிட இயக்கத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த தமிழர். ஒரு படத்தைப் பல விதமாக வாசிக்க முடியும், அதை நீக்குவது தீர்வாகாது என்பது அவர் நிலைப்பாடு.

அப்புறம் நடந்தது

ஆட்சி மாறியது. 2022-ல் கொரோனாவுக்குப் பிந்தைய பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. பக்கங்களை நீக்கியது. பத்தாம் வகுப்பில் மக்கள் போராட்டங்கள், ஜனநாயகத்துக்கான சவால்கள் பற்றிய பாடங்கள் போயின. பன்னிரண்டாம் வகுப்பில் குஜராத் கலவரப் பகுதி போனது. 2023-ல் யாதவும் பல்ஷிகரும், புத்தகத்திலிருந்து எங்கள் பெயரை எடுத்துடுங்க என்று கடிதம் எழுதினார்கள்.

2012-ல் எழுந்தது கேலிக்கு ஆளானவர்களின் கோபம். 2022-ல் நடந்தது நிர்வாக முடிவு. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வகுப்பறைக்கு வந்து சேர்ந்த விளைவு ஒன்றுதான்: வாதம் கிளம்பும் பக்கம் காணாமல் போகும், 35-ம் 250-ம் பத்திரமாக இருக்கும்.

வேறு வழி உண்டா?

ஜெர்மனியில் 1976-ல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று விதிகள் உருவாகின. ஒன்று, ஆசிரியர் தன் கருத்தை மாணவர் மேல் திணிக்கக் கூடாது. இரண்டு, சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்ட வேண்டும். மூன்று, அந்தப் பிரச்னையில் தன் நலன் எங்கே இருக்கிறது என்று மாணவரே அலசக் கத்துக்கணும். நாஜி ஆட்சியைக் கண்ட நாட்டில், அரசியல் கல்விக்கு இன்றும் இவைதான் அடிப்படை.

இந்த விதிகளோடு லக்ஷ்மண் கார்ட்டூனைப் போர்டில் ஒட்டிப் பாருங்க. இதை வரைந்தவர் எங்கிருந்து பார்க்கிறார்? யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்? 1965-ல் தெருவில் நின்ற மாணவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? 45 நிமிடத்தில், இந்தி எதிர்ப்பு வரலாற்றை எந்த ஒரு மார்க் கேள்வியையும் விட நல்லா கத்துக்கலாம். ஆனால் அதை நடத்தும் ஆசிரியருக்குப் பயிற்சியும் வேணும், நாளைக்கு மெமோ வராது என்ற தைரியமும் வேணும். புத்தகத்தை மட்டும் மாத்தினா போதாது.

உங்க வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிறவங்க இருந்தால், இன்னைக்கு அந்தக் குடிமையியல் பக்கங்களைத் திறந்து பாருங்க. 'சரியான விடையைத் தேர்ந்தெடு' எத்தனை, 'நீ என்ன நினைக்கிறாய், ஏன்?' எத்தனை என்று எண்ணுங்க. இரண்டாவது வகை குறைவாக இருந்தால், அந்தக் கேள்வியைச் சாப்பாட்டு நேரத்தில் நீங்களே கேளுங்க. இன்னும் மூணு வருஷத்தில் அவங்க கையில் ஓட்டு இருக்கும்.