வாசிப்பும் கிரகிப்பும்

ஆறாம் வகுப்புப் பையன் பாடத்தைக் கணீரென்று வாசித்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி. "இதில் என்ன விஷயம் சொல்லியிருக்கிறது?" என்று கேட்டாலோ, திருதிருவென்று விழிக்கிறான். வகுப்பில் இதை நாம் தினந்தோறும் காண்கிறோம். பின் பரீட்சையில் எப்படித் தேறுகிறான்? கேள்வியிலுள்ள வார்த்தை பாடத்தில் எங்கே வருகிறதென்று தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறான். இந்த வித்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டியதில்லை!

அமெரிக்காவில் பாலின்ஸார், பிரௌன் என்னும் இரு பெண்மணிகள், இத்தகைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு முறையைக் கையாண்டு, அதன் நற்பலனை 1984-ல் வெளியிட்டார்கள். ஒரு பத்தியை வாசித்ததும் ஒரு பிள்ளை உபாத்தியாயர் ஸ்தானத்தை ஏற்க வேண்டும். அதன் சாரத்தைச் சொல்வது, அதிலிருந்து கேள்வி கேட்பது, விளங்காத இடத்தைத் தெளிவாக்குவது, மேலே என்ன வருமென்று ஊகிப்பது ஆகிய நான்கும் அவன் பொறுப்பு. அடுத்த பத்திக்கு வேறொரு பிள்ளை. நான்கிலும் கேள்வி கேட்பதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். பதிலை வரி பெயர்த்து எழுதிவிடலாம். கேள்வியை அப்படிச் செய்ய முடியாது.

வீட்டில் இதற்குப் பத்திரிகைச் செய்தி ஒன்றே போதும். குழந்தை கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லட்டும். முதலில் 'யார்?', 'எங்கே?' என்றுதான் கேள்வி வரும். 'ஏன்?' பிறக்கச் சில வாரங்கள் ஆகலாம்.