வூசென்: வீடு பழசு, பாலம் பழசு... ஊர்க்காரங்க எங்கே?

கருப்பு ஓட்டு வீடுகள், கல் பாலம், சிவப்பு விளக்கு, மெதுவாகப் போகும் துடுப்புப் படகு. ரீல்ஸில் அடிக்கடி வரும் இந்தக் காட்சி, சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள வூசென். 1,300 ஆண்டு பழமையான ஊர் என்கிறார்கள். ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பயணிகள் பார்க்கும் வூசென் இரண்டு பகுதி: கிழக்கு, மேற்கு. இரண்டும் ஒன்றல்ல.

தண்ணீரில் நிற்கும் வீடுகள்

பெய்ஜிங்கையும் ஹாங்சோவையும் இணைக்கும் சுமார் 1,800 கி.மீ. நீளப் பெருங்கால்வாய் இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கால்வாய் இது. அரிசி, பட்டு எல்லாம் படகில் வந்துபோன காலத்தில் கரையோர இடத்துக்குக் கிராக்கி. அதனால் ஆற்றுக்குள்ளேயே தூண் நட்டு, வீட்டின் பின்பாதியைத் தண்ணீருக்கு மேல் நீட்டிக் கட்டினார்கள். சரக்கு, சாலைக்கும் ரயிலுக்கும் மாறியதும் ஊர் மங்கிப்போனது.

யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

புதுப்பிக்கும் வேலை 1999-ல் தொடங்கியது. கிழக்குப் பகுதி 2001-ல் திறந்தது. எழுத்தாளர் மாவோ துன் பிறந்த வீடு இங்கேதான். பழைய குடும்பங்கள் சில இன்னும் இங்கு வசிக்கின்றன.

மேற்குப் பகுதி 2007-ல் திறந்தது. இங்கே கதை வேறு. குடியிருந்தவர்களை வெளியே மாற்றிவிட்டு, பொருந்தாத புதுக் கட்டடங்களை இடித்து, மின்கம்பி, குழாய் எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் புதைத்தார்கள். வீடுகள் தங்கும் விடுதிகளாயின. அவற்றைக் கவனித்துக்கொள்ள, முன்பு அங்கே குடியிருந்தவர்கள் சிலரையே திரும்ப அழைத்து வந்தார்கள். ஆக, உங்களுக்குச் சமைத்துப் போடும் ‘வீட்டுக்காரம்மா’ அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்ல.

இது ஊரா, சினிமா செட்டா என்ற விமர்சனம் அதனால்தான். அதற்காகப் பழைய வாழ்க்கை சொகுசு என்று நினைத்துவிட வேண்டாம். ஈரம் ஊறிய மர வீடு, சரியான கழிப்பறைகூட கிடையாது. ரீல்ஸில் அது வராது!

2013 முதல் நாடக விழா, 2014 முதல் உலக இணைய மாநாடு என மேற்குப் பகுதி பிஸி. 2017 மே மாதம் கூகுளின் ஆல்ஃபாகோ, ‘கோ’ விளையாட்டின் முன்னணி வீரர் கே ஜியேவை 3-0 எனத் தோற்கடித்ததும் இதே வூசெனில்தான்.

போகிறவர்களுக்கு...

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் தோங்ஷியாங் நிலையம், அங்கிருந்து பஸ். இரண்டு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட். சேர்த்து எடுத்தால் விலை குறையும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கிழக்கு மாலையோடு அடங்கிவிடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். துணி துவைக்கும் சத்தம், கதவோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் என மிச்சமிருக்கும் ஊரை அங்கே பார்க்கலாம். விளக்கு வெளிச்சம் பார்க்க மேற்கில் ஒரு இரவு தங்கலாம். சின்னக் கடையில்கூட க்யூஆர் கோடுதான், எனவே அலிபேயில் கார்டை முன்கூட்டியே இணைத்துவிடுங்கள்.