கோடைத் தீவனப் பயிரைத் தேர்ந்தெடுத்தல்

கங்கைச் சமவெளியில் குளிர்காலப் பசுந்தீவனமான பெர்சீம், ஏப்ரல்-மே மாதங்களோடு முடிந்துவிடுகிறது. பருவமழையை நம்பி விதைக்கும் தீவனமோ ஆகஸ்டுக்குப் பின்னரே அறுவடைக்கு வரும். இடைப்பட்ட காலத்தில் பசுந்தீவனமின்றிக் கறவை மாடுகளின் பால் குறைகிறது. பாசன வசதியுள்ள நிலத்தில் மார்ச்-ஏப்ரலில் சோளம், கம்பு, தட்டைப்பயறு ஆகியவற்றை விதைத்து இக்குறையைப் போக்கலாம். பயிரைத் தேர்ந்தெடுக்குமுன், அது மேய்ச்சலுக்கா, உலர்தீவனத்திற்கா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுதல் அவசியம்.

மேய்ச்சலுக்குச் சோளத்தைவிடக் கம்பே ஏற்றது. சோளத்திலுள்ள தூரின் என்னும் பொருளிலிருந்து, மாடு அதனை மென்று தின்னும்போது, ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. இளம்பயிரிலும், நீரின்றி வாடிய பயிரிலும், அறுத்த தாளினின்று துளிர்க்கும் குருத்திலும் இப்பொருள் மிகுதி. ஆகவே பாசனம் தவறும் கோடையில் அபாயமும் பெரிது. ஒரே முறை அறுக்கும் சோளத்தைப் பாதிப் பயிர் பூத்த பின்னரே அறுத்தல் நலம். ஹிசாரில் உருவாக்கப்பட்ட 'மீட்டி சூடான்' என்னும் பலமுறை அறுக்கும் வகையில் இந்நஞ்சு குறைவு. எனினும் வாடிய பயிரில் மாடுகளை விடலாகாது.

கம்பில் இந்நஞ்சு இல்லை. ஆயினும் தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டு, பயிரும் வறட்சிக்கு உட்படின், நைட்ரேட் சேர்ந்து தீங்கு விளைக்கும்.

உலர்தீவனத்தின் நிலை வேறு. நன்கு உலர்த்துவதால் சோளத்தின் நஞ்சு பெரிதும் நீங்கும், நைட்ரேட் நீங்காது. தடித்த தண்டு எளிதில் உலராது. ஆதலால் விதையை நெருக்கமாக விதைத்து மெல்லிய தண்டாக வளர்க்க வேண்டும். ஈரம் நூற்றுக்கு 15 பங்கு அளவுக்குக் குறையுமுன் போரிட்டால் பூசணம் பிடிக்கும். கணுவை முறித்துப் பார்க்கையில் ஈரம் கசியாதிருப்பதே நல்ல அடையாளம். இரண்டு வரிசை சோளத்திற்கு ஒரு வரிசை தட்டைப்பயறு ஊடுபயிராக இட்டால் தீவனத்தில் புரதம் கூடும்.

சோளம் தின்ற மாடு மூச்சுத் திணறித் தள்ளாடினால் தீவனத்தை உடனே அகற்றி, கால்நடை மருத்துவரைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசிகள் உரிய நேரத்தில் போடப்பட்டால் மாடு பிழைக்கக்கூடும். மிகுதியாகத் தின்ற மாடோ சில நிமிடங்களிலேயே இறந்துபோவதுண்டு. எனவே களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்வெச்சரிக்கையை விதைப்புக்கு முன்னரே விவசாயிகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.