மணலில் ஈரம் இருக்கிறதா?

இரவு பத்து மணி. வீட்டுக் கடுவன் பூனை மணல் தட்டில் ஏறி உட்காருகிறது. உடம்பைக் குறுக்கி முக்குகிறது, இறங்குகிறது, ஐந்தே நிமிடத்தில் மறுபடி ஏறுகிறது. அப்புறம் குளியலறைத் தரையில் போய் உட்கார்ந்து பார்க்கிறது. பின்னங்காலைத் தூக்கி அந்த இடத்தையே ஓயாமல் நக்குகிறது. "பாவம், மலச்சிக்கல் போல. கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்துப் பாப்போம், மத்ததைக் காலைல பாத்துக்கலாம்" என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பூனைகளைப் பறிகொடுப்பது இப்படியான இரவுகளில்தான்.

விளக்கெண்ணெயைத் தேடாமல் மணலைக் கிளறிப் பாருங்கள். ஈரம் பட்டதும் கட்டியாகும் மணல் என்றால் கதை முழுவதும் அதிலேயே இருக்கும். நலமாக உள்ள பூனை நாளுக்கு இரண்டு மூன்று பெரிய உருண்டைகளை விட்டுப்போகும். கோலிக்குண்டு அளவில் ஏழெட்டு கிடந்தாலோ இளஞ்சிவப்புக் கறை தெரிந்தாலோ சிறுநீர்ப்பை புண்பட்டிருக்கிறது. அடுத்த நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இத்தனை முக்கியும் ஓர் உருண்டைகூட இல்லையென்றால் அது அடைப்பு. விடியும்வரை பொறுக்கக்கூடாது.

அடைப்பு பெரும்பாலும் கடுவனுக்கே வருகிறது. பெட்டைக்குச் சிறுநீர்க்குழாய் குட்டை, அகலமும் அதிகம். கடுவனுக்கோ நீண்டு போய் நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிவிடுகிறது. சளியும் நுண்படிகங்களும் சேர்ந்து பற்பசை போலத் திரண்டால் அந்தத் துளை அடைபடப் போதும். வெளியேற வழியில்லாமல் சிறுநீர்ப்பை கெட்டியான எலுமிச்சை போல விறைக்கிறது. சிறுநீரகம் வேலையை நிறுத்துகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கிறது. பூனை வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், உடம்பு சில்லிடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடலாம். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, ஒரே மாத்திரை கொன்றுவிடும். குழந்தைகளுக்கான காய்ச்சல் சொட்டு மருந்திலும் இருப்பது அதே மருந்துதான். மருத்துவமனைக்கு போன் செய்யும்போது "கடுவன், இத்தனை மணியிலிருந்து சிறுநீர் போகவில்லை" என்று எடுத்த எடுப்பில் சொல்லுங்கள். அங்கே டிரிப்ஸ் ஏற்றி, இதயத்தை நிலைப்படுத்தி, மயக்கம் கொடுத்து மெல்லிய குழாயால் அடைப்பை நீக்குவார்கள்.

இந்தச் சிறுநீர்த் தொல்லை ஏன் வருகிறது என்பதில் மருத்துவர்களே ஒருமுறை தடம் மாறியிருக்கிறார்கள். 1980களில் மக்னீசியம் கலந்த ஸ்ட்ரூவைட் கல்லைக் குறைக்கத் தீவனத்தின் கலவையை மாற்றினார்கள். அந்தக் கல் குறைந்தது. அடுத்த ஆண்டுகளில் கால்சியம் ஆக்சலேட் கல் கூடியது. ஸ்ட்ரூவைட்டைச் சிறப்பு உணவாலேயே கரைக்கலாம், ஆக்சலேட் உணவுக்குக் கரையாது. ஆனால் சிறுநீர்த் தொல்லையோடு வரும் இளம் பூனைகளில் பாதிக்கு மேல் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தப் பூனைகளைத்தான். மனஅழுத்தத்துக்கும் இவற்றின் சிறுநீர்ப்பைப் புண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது அவர் காட்டிய உண்மை. அவரது ஆய்வில் தீனி வைக்கும் நேரமும் ஆளும் திடீரென மாறியபோது நலமான பூனைகள்கூட வாந்தி எடுத்தன, தட்டுக்கு வெளியே போயின.

பூனை கண்ட இடத்தில் சிறுநீர் கழித்ததற்காக அதை அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதைப்பது இதனால்தான். வலியில் இருக்கும் உயிரை இன்னும் பயமுறுத்தினால் அந்தப் புண் ஆறவா போகிறது? புதுப் பூனை, வீடு மாற்றம், பட்டாசுச் சத்தம் எல்லாமே அதற்குப் பாரம். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும், உயரத்தில் ஓர் இடமும், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாகவும் இருக்கட்டும்.

தண்ணீரும் மருந்துதான். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த வீட்டுப் பூனைக்குத் தாகம் குறைவு. இரையின் ஈரத்திலேயே வாழ்ந்த இனம். உலர்தீவனத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் நீர், ஈர உணவில் 75க்கும் மேல். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் மீன் வேகவைத்த தண்ணீரைச் சோற்றில் ஊற்றி வைத்தால் பெரும்பாலான பூனைகள் நக்கித் தீர்த்துவிடும்.

அடைப்பு நீங்கி வீடு திரும்பிய பூனைக்கு முதல் வாரம் கண்டம். மறுபடி அடைபடுவது அப்போதுதான் அதிகம். காலையும் மாலையும் மணலைச் சலித்து உருண்டைகளை எண்ணி, காலண்டர் தாளில் குறித்துவையுங்கள்.